கையை விட்ட பிள்ளை

என்னோடு ஒரே வகுப்பில் இருந்த நீங்கள் எல்லாரும் அந்தக் கையுறைகளைப் பார்த்திருக்கிறீர்கள். தோள்மூட்டு வரை நீளமான, மெல்லிய பிளாஸ்டிக் கையுறைகள். எங்கள் வீட்டு முற்றத்துக் கொடியில், என் சட்டைகளுக்கும் அப்பாவின் சாரத்துக்கும் நடுவில் தொங்கும். காற்றடித்தால் உப்பி, ஆளில்லாத கைகள் மாதிரி அசையும். வீதியால் சைக்கிளில் போகிறவர்கள் ஒரு காலை ஊன்றி நின்று பார்ப்பார்கள். ஒருதரம் பாவித்ததும் எறியவேண்டிய சாமான் அது. கிடைப்பது அருமை என்பதால் அம்மா சவர்க்காரம் போட்டுக் கழுவிக் காயவைத்துத் திரும்பத் திரும்பப் பாவித்தார். படலை திறக்கிற சத்தம் கேட்டால் அப்பா முதலில் ஓடிப்போய்க் கழற்றுவது அவற்றைத்தான்.

இப்போது எங்களுக்கு வயது அறுபதை எட்டுகிறது. பேரப்பிள்ளைகளின் படங்களைப் போனில் அனுப்பிக்கொள்கிறோம். அண்மையில் உங்களில் ஒருத்தி எழுதியிருந்தாள்: “உன்ர அம்மாவை நினைச்சா எனக்கு இப்பவும் ராத்தா வீட்டு ஆடுதான் ஞாபகம் வரும். என்ன துணிச்சலான மனிசி.” அதைப் படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். பதில் எழுதவில்லை. இதுதான் பதில்.

எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து, குளத்துக்குக் கீழே அரசாங்கம் கொடுத்த வயல் காணிக்கு வந்த குடும்பம் என்பது உங்களுக்குத் தெரியும். வயலும் ஒரு கறவைப் பசுவும்தான் வீட்டைக் கொண்டுபோயின. நான் சொல்லவரும் வருடத்துக்கு முந்தின மாரியில் அந்தப் பசு கன்று போட முடியாமல் விழுந்தது. கன்றின் ஒரு முன்கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அயலில் பலசாலிகள் என்று பெயரெடுத்தவர்கள் வந்து அந்தக் காலில் கயிறு கட்டி இழுத்தார்கள். அம்மா பசுவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு மழைச் சேற்றில் இருந்தார். கன்றும் தப்பவில்லை, பசுவும் தப்பவில்லை.

அடுத்த நாள் மிருக வைத்தியர் வந்தார். பார்த்துவிட்டு, “மற்றக் கால் உள்ளுக்கை மடிஞ்சு கிடந்திருக்கு. இழுத்திருக்கக் கூடாது. கன்றைப் பின்னுக்குத் தள்ளிப்போட்டு, கையை விட்டுக் காலை நிமித்தியிருந்தா ரெண்டும் தப்பியிருக்கும்,” என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனார். அவருக்கு அது சாதாரணக் கதை. அம்மாவை அது விடவில்லை. சோறு வடிக்கும்போதும் சொல்லுவார், தனக்குத்தானே: “கையை விட்டு நிமித்தியிருந்தா.”

அதனால்தான், ஊர்களில் மாடு ஆடுகளுக்கு முதலுதவி செய்யவும் பசுக்களுக்குச் சினை ஊசி போடவும் ஆட்களைப் பழக்கப்போகிறார்கள் என்று கால்நடை வைத்திய அலுவலகத்தில் அறிவித்தபோது அம்மா போய்ப் பெயர் கொடுத்தார். ஆண்கள்தான் வருவார்கள் என்று அவர்கள் நினைத்திருக்கவேண்டும். பெயர் எழுதியவர், “உங்கட அவரின்ர பெயரைச் சொல்லுங்கோ,” என்று கேட்டாராம். அம்மா தன் பெயரைச் சொன்னாராம். இதை அவர் வீட்டில் சொல்லிச் சிரித்தபோது அப்பா சிரிக்கவில்லை.

அப்பா கெட்ட மனிதர் இல்லை. ‘போகாதே’ என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் அம்மா பஸ்ஸுக்குப் போகிற காலைகளில் அவர் வயலுக்கு வேறு பாதையால் போவார்.

பயிற்சியில் படித்ததை எல்லாம் அம்மா வீட்டில் வந்து செய்து பார்ப்பார். அதற்கு ஆள் நான்தான். மாட்டுக் கொட்டிலில் ஒரு சீலைப்படம் தொங்கியது. பக்கவாட்டாக நிற்கும் பசு, தோல் இல்லாமல், உள்ளே இருப்பதெல்லாம் நிறம் நிறமாக. இடப்பக்கம் முழுவதும் பெரிய வயிறு, வலப்பக்கம் குடல். நான் படத்தைப் பார்த்துப் பெயர்களைக் கேட்பேன், அம்மா நாங்கள் புதிதாக வாங்கிய நாம்பனின், அந்தக் காளைக் கன்றின், மேல் கையை வைத்துச் சொல்லுவார். மாட்டுக்குக் கிட்டப் போகுமுன் குரல் கொடுக்கவேண்டும். முதலில் தோளில் கையை வைக்கவேண்டும், அந்தக் கையை எடுக்காமலே பின்னுக்கு நகரவேண்டும். நின்றால் ஒட்டி நிற்கவேண்டும், இல்லாவிட்டால் எட்டி நிற்கவேண்டும். ஒட்டி நிற்பவருக்கு உதை வேகம் எடுக்காது, எட்டி நிற்பவருக்கு உதை எட்டாது. நடுவில் நிற்பவருக்குத்தான் எலும்பு முறியும். கயிற்றை எப்போதும் இழுத்தால் அவிழும் முடிச்சாகப் போடவேண்டும். பூனையைச் சாக்கில் சுற்றிப் பிடிக்கவேண்டும். நாயின் கண்ணை நேரே பார்க்கக்கூடாது. இவையெல்லாம் எனக்குப் பள்ளிக்கூடப் பாடத்தை விட இலகுவாக மனதில் ஏறின.

பிறகு அந்த வாளி வந்தது.

மூடி போட்ட நீல வாளி. மிருக வைத்தியர் மாடு வெட்டும் இடத்திலிருந்து எடுத்துக் கொடுத்தனுப்பியது. உப்புத் தண்ணீருக்குள் ஒரு பசுவின் கருப்பை இருந்தது. சினை ஊசி போடுகிறவர் பசுவின் உள்ளே கையை விட்டு, கண்ணால் பார்க்காமல், எது எதென்று விரலால் அறியவேண்டும். அதைப் பழகத்தான் அது. எங்கள் வீடு வெள்ளிக்கிழமைகளில் மீன்கூடத் தொடாத வீடு. அந்த வாளிக்குள் என்ன இருக்கிறதென்று தெரிந்த அன்று அப்பா கிணற்றடியில் குளித்து, திருநீறு பூசி, சாப்பிடாமலே படுத்துவிட்டார். அம்மா வாளியைக் குசினிப் பக்கம் கொண்டுவரவில்லை. மாட்டுக் கொட்டிலில் வைத்து, அதை எடுத்து உரப்பைக்குள் போட்டு, வாயைச் சுருக்கி, கையை உள்ளே விடுவார்.

“இது கருப்பைக் கழுத்து.”

நான் பையை விலக்கிப் பார்த்து, படத்தோடு சரிபார்ப்பேன். “இல்லையம்மா. அது கொம்பு.”

அம்மா திரும்பவும் விடுவார். திரும்பவும் பிழைக்கும். நெல்லு அறுத்து, விறகு கொத்தி, காய்ச்சுப் போன விரல்கள். மெல்லிய பொருளை அவை உணர மறுத்தன. ஒருநாள் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பிக் கிணற்றடிக்குப் போனபோது நான் என் கையை விட்டேன்.

அதை எப்படிச் சொல்வது? முதலில் குளிர். பிறகு கருப்பைக் கழுத்து, கோழிக் கழுத்தைத் தோலோடு பிடித்ததுபோல, உள்ளே மடிப்பு மடிப்பாக. அதற்கப்பால் இரண்டாகப் பிரியும் கொம்புகள், செம்மறிக்கடாவின் கொம்பைப்போலச் சுருண்டு. அதன் ஓரத்தில் கொட்டைப்பாக்களவு சூலகம், விரலுக்கு அகப்படாமல் வழுக்கிக்கொண்டு. கண்ணை மூடிக்கொண்டே எல்லாவற்றையும் கண்டேன். எனக்கு அது பிடித்திருந்தது. திரும்பவும் விட்டுப் பார்க்கவேண்டும்போல இருந்தது.

வெட்கம் அங்கேதான் தொடங்கியது. அம்மா செய்வது எனக்கு வெட்கம் என்றுதான் நீங்கள் நினைத்திருப்பீர்கள். பள்ளிக்கூடத்தில் பெடியங்கள் நீளக்கைச் சட்டையை விரல் மறைய இழுத்துவிட்டு என் பின்னால் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். “மாட்டுக்குக் கலியாணம் கட்டிவைக்கிற வீட்டுப் பிள்ளை” என்று சொன்னதும் நினைவிருக்கும். ஒருநாள் உங்களில் ஒருத்தி நான் கொடுத்த பாலைப்பழங்களை வாங்கி, பார்த்து, மெதுவாக மேசையில் வைத்தாள். யாரென்று சொல்லமாட்டேன், இப்போது அவள் எனக்கு மிகவும் வேண்டியவள். அவர்கள் அம்மாவை நினைத்துச் சிரித்தார்கள். நானோ என்னை நினைத்துக் கூனிக்குறுகினேன். அம்மாவுக்கு அது ஒரு தேவை. அழுது அழுது படித்தார். எனக்கு அப்படி ஒரு தேவையும் இல்லை. எனக்கு ஆசை. பதினொரு வயதுப் பெண்பிள்ளைக்கு ஆசைப்பட வேறொன்றும் கிடைக்கவில்லையா என்று நானே என்னைக் கேட்டுக்கொண்டேன்.

மிருக வைத்தியர் ஒருதரம் அம்மாவின் பழக்கத்தைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். கதிரை போட்டுக் கொட்டில் வாசலில் இருந்துகொண்டு கேள்விகள் கேட்டார்.

“கன்று வயித்துக்கை குறுக்கா நிக்குது. உங்கட கையிலை ஒரு கால் அகப்படுது. முன்காலோ பின்காலோ எண்டு எப்பிடிச் சொல்லுவீங்கள்?”

அம்மா யோசித்தார். நெற்றி வேர்த்தது. அப்பா தள்ளி நின்று வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

“மூட்டை மடிச்சுப் பாக்கவேணும்,” என்றேன். “குளம்புக்கு மேலை இருக்கிற மூட்டும் அடுத்த மூட்டும் ஒரே பக்கம் மடிஞ்சா முன்கால். எதிர்ப்பக்கம் மடிஞ்சா பின்கால்.”

வைத்தியர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். “அட, மகள்தான் பயிற்சிக்கு வாறாவோ?” பிறகு அப்பாவைப் பார்த்து, “பொம்பிளைப் பிள்ளைக்கு இதெல்லாம் ஏன்? பிள்ளை, நீர் போய் உம்மட பாடத்தைப் படியும்,” என்றார். பக்கத்திலேயே அம்மா நின்றார், கையுறை போட்டபடி. வைத்தியரோ அப்பாவோ நானோ அந்த நேரம் அதைக் கவனிக்கவில்லை. அம்மா கவனித்திருப்பார்.

வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு மாமி யாழ்ப்பாணத்திலிருந்து வந்தார். மாமி என்றால் அப்பாவின் மூத்த அக்கா. பிள்ளைகள் இல்லாதவர். அப்பாவைப் படிப்பித்து ஆளாக்கியவர். அவருக்கு முன்னால் அப்பா கதிரையில் இருக்கமாட்டார். அவர் படலையைத் திறந்து உள்ளே வந்த நேரம் அம்மா என் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார். கடிக்கிற நாய்க்கு எப்படி நாடாவால் வாய்க்கட்டுப் போடுவது என்று பழகுகிறார். மூக்குக்கு மேலே ஒரு சுற்று, நாடிக்குக் கீழே ஒரு முடிச்சு, காதுக்குப் பின்னால் இன்னொன்று. எங்கள் நாய் பக்கத்தில் படுத்துக்கொண்டு தன் வேலை எனக்குக் கிடைத்ததைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“பிள்ளைக்கு என்ன? பல்லுக்குத்தோ?” என்றார் மாமி.

அம்மா அவசரமாக அவிழ்த்தார். நான் சிரித்துவிட்டேன். மாமி சிரிக்கவில்லை. அவருடைய கண் கொடிக்குப் போயிருந்தது. அன்று அப்பாவுக்கு ஓட நேரம் கிடைக்கவில்லை.

“தம்பி, இதென்ன கோலம்?” என்று மட்டும் கேட்டார். அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் கையில் வாங்கினார். குடிக்கவில்லை. ஆறவைத்து, எழும்பிப்போய் வாழைப் பாத்திக்குள் ஊற்றினார். அம்மா குசினிக்குள் நின்று அதைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன்.

பொங்கல் முடிந்த மறுநாள் மதியம் அது நடந்தது. அப்பாவும் மாமியும் திரும்பவும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். தண்ணீரூற்றுப் பக்கத்துக் கடைக்காரரின் மனைவி, இடுப்பில் கைக்குழந்தையோடு, வெயிலில் ஓடிவந்தார். முஸ்லிம் வீடுகளில் அக்காவை ராத்தா என்பார்கள். அவரை ஊர் முழுவதும், எங்கள் ஆட்களும்கூட, ராத்தா என்றுதான் கூப்பிட்டோம்.

“தங்கச்சி, என்ட ஆடு காலையிலயிருந்து முக்குது. தண்ணிக்குடம் உடைஞ்சு போச்சு. குட்டியைக் காணல்ல. டொக்டரும் இல்லையாம். நீங்க ஒருக்கா வந்து பாருங்கோவன்.”

“நான் இன்னும் முடிக்கேல்லை ராத்தா. செய்யிறதுக்கு எனக்கு அனுமதி இல்லை.”

“என்ட மூத்தவனுக்கு அதின்ட பால்தான் தங்கச்சி.”

அம்மா சைக்கிளை எடுத்தார். “நீயும் ஏறு. தலையைப் பிடிக்க ஆள் வேணும்,” என்றார் என்னிடம்.

கடைக்குப் பின்னால், வேப்பமர நிழலில் ஆடு கிடந்தது. கறுப்பு ஆடு, காதுகளில் வெள்ளைப் புள்ளி. கண்கள் உள்ளே போயிருந்தன. அம்மா கையைக் கழுவி, தேங்காயெண்ணெய் பூசி, மெதுவாக விட்டார். ஆடு மனிதர்போலக் கத்தியது. அம்மா நிறுத்தினார். திரும்பவும் பார்த்தார். விரல்மொழிகளுக்கு அப்பால் கை போகவில்லை. பின்னுக்கு நகர்ந்து குந்தி, கையை மடியில் வைத்துக்கொண்டார்.

“ஏன் தங்கச்சி?”

“குட்டியின்ர மூக்கு கையிலை முட்டுது. ஒரு கால் முன்னுக்கு இருக்கு. மற்றதைக் காணேல்லை. என்ர கை பெரிசு ராத்தா. இன்னும் விட்டா உள்ளை கிழிஞ்சுபோம்.”

முந்தின மாரியில் எங்கள் பசுவுக்கு இருந்த அதே நிலை. அம்மாவின் முகம் சேற்றில் இருந்த அந்த நாளைப்போல ஆனது. பிறகு அவர் என்னைப் பார்த்தார்.

“உன்ர கையைக் காட்டு.”

காட்டினேன். ராத்தா உள்ளே ஓடி பிளேட் கொண்டுவந்தார். அம்மா என் நகங்களைச் சதையோடு ஒட்ட வெட்டினார். முழங்கை வரை சவர்க்காரம் போட்டுத் தேய்த்தார், பிறகு எண்ணெய். “ஐஞ்சு விரலையும் கூம்பாக் குவி. அவள் முக்கேக்கை அசையாதை. முக்கு விட்ட பிறகு போ,” என்றார். ஆட்டை அவள் என்றார்.

போனது. வாளிக்குள் இருந்தது குளிர். இது சூடு. ஆடு முக்கியபோது என் மணிக்கட்டு எலும்புகளை யாரோ பிழிவதுபோல இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. பொறுத்தேன். விட்டதும் போனேன். மூக்கு, பல்லில்லாத மேல் ஈறு, அதன் பக்கத்தில் ஒரு குளம்பு. அதற்கு அப்பால், நெஞ்சுக்குக் கீழே, இன்னொன்று.

“கால் இருக்கம்மா.”

“எந்தக் கால்?”

மடித்துப் பார்த்தேன். “ஒரே பக்கம் மடியுது. முன்கால்.”

“இந்தக் குட்டியின்ர காலோ, இரட்டையெண்டா மற்றதின்ரயோ? விரலாலை பிடிச்சுக்கொண்டு தோள்மட்டும் போய்ப் பார்.”

போய்ப் பார்த்தேன். அதன் காலேதான். குட்டியைப் பின்னுக்குத் தள்ளச் சொன்னார். தள்ளினேன். குளம்பை உள்ளங்கைக்குள் பொத்திக்கொள்ளச் சொன்னார், கருப்பையைக் கீறிவிடாமல். பொத்தினேன். அந்தக் குளம்பு இன்னும் இறுகாத, ஊறவைத்த தேங்காய்த் துண்டு மாதிரியான குளம்பு. என் உள்ளங்கைக்குள் அது ஒருதரம் அசைந்தது.

“உயிரோடை இருக்கம்மா.”

“கதைக்காதை. நிமித்து.”

நிமிர்த்தினேன். அடுத்த முக்கலோடு இரண்டு கால்களையும் பிடித்துக் கீழ்நோக்கி இழுத்தேன். குட்டி என் மடியில் வழுக்கி விழுந்தது. அம்மா அதன் வாயை விரலால் துடைத்து, மூக்குக்குள் ஒரு வைக்கோலை விட்டார். தும்மியது. சற்று நேரத்தில் இரண்டாவது குட்டி தானாகவே வந்தது. ராத்தா குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டே சிரித்தார். நானும் சிரித்தேன். அம்மா என்னைப் பார்த்தார். சந்தோசமும் பயமும் சரிக்குச் சரியாக இருந்த ஒரு பார்வை. அப்போது சந்தோசத்தை மட்டும்தான் கண்டேன்.

அந்த நேரம் கடைப் பக்கமிருந்து ஆண்களின் குரல் கேட்டது. ராத்தாவின் கணவரும், கடைக்கு வந்திருந்த எங்கள் ஊர் ஆட்கள் சிலரும் ஆடு என்னவாயிற்று என்று பார்க்க வந்தார்கள். அம்மா என் கையைப் பறித்து வாளித் தண்ணீருக்குள் அமுக்கினார். தன் சேலைத் தலைப்பால் இறுக்கித் துடைத்தார். என்னை ஆட்டின் தலைப்பக்கம் தள்ளினார். பிறகு குனிந்து, நிலத்தில் கிடந்த இரத்தத்தையும் கோழையையும் இரண்டு கையாலும் அள்ளி, தன் வலக்கையில் முழங்கை வரை பூசிக்கொண்டார்.

வந்தவர்கள் பார்த்தபோது அம்மாவின் கை சிவந்து வழிந்தது. நான் ஆட்டின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“ராசியான கை,” என்றார் ஒருவர்.

“ஓம்,” என்றார் அம்மா.

ராத்தா அம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

திரும்பி வரும்போது அம்மா சைக்கிளை ஏறி ஓட்டவில்லை. உருட்டிக்கொண்டு நடந்தார். “நீ ஆட்டின்ர தலையைப் பிடிச்சனி. அவ்வளவுதான். விளங்குதோ?” என்றார். என் கை இன்னும் சூடாக இருந்தது. நான் செய்தது நல்ல காரியம் என்றால் அம்மா ஏன் அதைக் களவெடுத்த பொருள்போல ஒளிக்கவேண்டும்? நல்ல காரியம் இல்லை என்று முடிவெடுத்தேன். அம்மாவுக்கும் தெரிந்துவிட்டது, எனக்கு அது பிடிக்கும் என்பது. அதுதான் ஒளிக்கிறார். அப்படித்தான் நினைத்தேன். வலக்கையைச் சட்டை மடிப்புக்குள் வைத்துக்கொண்டு நடந்தேன்.

அடுத்த நாள் காலை ராத்தா தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து அவித்த வட்டிலாப்பம் கொண்டுவந்தார். வெள்ளைத் துணியால் மூடிய பீங்கான் கோப்பை. அப்பா, மாமி, அம்மா எல்லாரும் முற்றத்தில் இருந்தார்கள். ராத்தா கோப்பையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு நேராக என்னிடம் வந்தார். என் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார். முந்தின நாள் அம்மா செய்தது ஆண்களுக்கு முன்னால் மட்டும் என்று நினைத்திருப்பார்.

“இந்தக் கை இல்லாட்டி என்ட ஆடு இல்லை,” என்றார்.

மாமி நிமிர்ந்தார். “எந்தக் கை?”

அப்பா அம்மாவைப் பார்த்தார். “பிள்ளையோ கையை விட்டது?”

“ஆர் சொன்னது?” என்றார் அம்மா. “நான்தான் விட்டனான். அவள் தலையைப் பிடிச்சவள்.”

“அப்ப இவா சொல்லுறது?” என்றார் அப்பா.

“ராத்தா பதட்டத்திலை பிழையா விளங்கிப்போட்டா.”

ராத்தாவின் கைகள் என் கையைச் சுற்றி அப்படியே நின்றன. அவர் அம்மாவைப் பார்த்தார். கோபம் இல்லை. வாசலில் நிற்கும்போது முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினால் ஒருவர் எப்படி நிற்பார், அப்படி நின்றார். பிறகு என் கையை மெதுவாக விட்டார்.

“ஓம். எனக்குத்தான் மாறிப்போச்சு. தங்கச்சிதான் செஞ்சது,” என்றார்.

“உங்கட ஆக்கள் ஒண்டையும் ஒழுங்காச் சொல்லமாட்டினம்,” என்றார் மாமி. எந்த ஆட்களைச் சொல்கிறார் என்று முற்றத்தில் நின்ற எல்லாருக்கும் விளங்கியது. அம்மாவுக்கும் விளங்கியது. அம்மா வட்டிலாப்பக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தார். ராத்தா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, படலையைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.

எங்கள் குடும்பத்தின் வெட்கம் என்று நான் நினைப்பது கையுறைகளையோ வாளியையோ அல்ல. அந்த நிமிடத்தைத்தான்.

மாமி நம்பவில்லை. “நாளைக்குச் சாமத்தியப்பட்டுப் பெரியபிள்ளை ஆகப்போறவள்,” என்று அப்பாவிடம் சொன்னார். “இதுகளைப் பாத்து வளந்தா ஆர் பொம்பிளை கேட்டு வருவினம்?” கிணற்றடியில் வைத்து என் கையை மஞ்சளும் தேசிக்காய்ப் புளியும் போட்டுத் தேய்த்தார். வெட்டிய நகக்கண்கள் எரிந்தன. அந்த மாதமே என்னை யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அப்பா தலையாட்டினார். அம்மா என் பெட்டியை அடுக்கினார். நான் திடீரென்று வகுப்புக்கு வராமல் போனதன் காரணம் இதுதான். ‘நல்ல பள்ளிக்கூடத்துக்கு’ என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள்.

அம்மா பயிற்சியை முடித்தார். எத்தனையோ வருடம் அந்தச் சைக்கிளில் ஊர் ஊராகத் திரிந்தார். லீவுக்கு வரும்போது நான் கொட்டில் பக்கம் போனால், “உள்ளை போய்ப் படி,” என்பார். படித்தேன். அரச அலுவலகத்தில் எழுதுவினைஞராக வேலை செய்து ஓய்வு பெற்றேன். வலக்கையை மடிக்குள் வைத்துக்கொள்ளும் பழக்கம் நெடுங்காலம் இருந்தது. கலியாணப் படத்திலும் அப்படித்தான் நிற்கிறேன்.

என் முதல் பிள்ளை பிறந்த பிறகு, அம்மா என்னோடு நின்ற நாட்களில், ஒருநாள் கேட்டுவிட்டேன். “ஏனம்மா அண்டைக்கு அப்பிடிச் செய்தனீங்கள்?”

குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த அம்மா நிறுத்தாமலே சொன்னார். “சனம் என்னைச் சொல்லுறதை நான் தாங்குவன். உன்னைச் சொல்லியிருந்தா தாங்கியிருக்கமாட்டன்.” கொஞ்சம் பொறுத்து, “உனக்குத்தான் கை வந்தது. எனக்குக் கடைசிமட்டும் வரேல்லை. வருத்தி வருத்தித்தான் செய்தனான்,” என்றார்.

அழுக்கு என்று நான் நினைத்ததை அவர் கொடுப்பினை என்று நினைத்திருக்கிறார். ஒளித்து வைத்தால் எனக்கு நல்லது என்று நம்பியிருக்கிறார். இரண்டு பேரும் இத்தனை வருடம் ஒரே வீட்டுக் கதையை வேறு வேறாக விளங்கிக்கொண்டிருந்தோம். “ராத்தாட்டை ஒருக்காப் போகவேணும்,” என்றும் சொன்னார். போகவில்லை. எப்படிப் போவார், என்ன சொல்லுவார்?

பிறகு துப்பாக்கியோடு நின்ற இயக்கத்துப் பெடியங்கள் முஸ்லிம்களை, ராத்தாவின் ஆட்களை, ஊரைவிட்டுப் போகச் சொன்ன காலம் வந்தது. கையில் எடுத்ததோடு போனார்கள். அடுத்த நாள் அம்மா அந்த வளவுக்குப் போயிருக்கிறார். வேப்பமரத்தடியில் ஆடுகள் கட்டியபடி நின்றனவாம், மடி கனத்துக் கத்திக்கொண்டு. பாலை நிலத்தில் கறந்துவிட்டு எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டிருக்கிறார். போகிறவர்களை வீதியில் நின்று பார்த்தும் ஒரு சொல் கேட்காத ஊரில், தானும் அப்படித்தான் படலைக்குள் நின்றதாகச் சொன்னார். ராத்தா கடந்துபோனபோது திரும்பிப் பார்த்தாராம். அம்மாதான் தலையைக் குனிந்துகொண்டாராம்.

அதன்பிறகு எங்களுக்கும் போரில் இடம்விட்டு இடம் ஓடித் திரிகிற காலம் வந்தது. அப்பா, மாமி, அம்மா, ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள்.

போன ஆவணியில் தண்ணீரூற்றுக்குப் போனேன். திரும்பி வந்த குடும்பங்களில் ராத்தாவின் மகளும் ஒருத்தி என்று கேள்விப்பட்டேன். அன்று இடுப்பில் இருந்த குழந்தை. இப்போது நரைத்த பெண். கடை இல்லை. அந்த இடத்தில் தகரக் கூரை போட்ட ஆட்டுக் கொட்டில். ராத்தா அகதியாகப் போன புத்தளத்திலேயே மௌத்தாகி, கண்ணை மூடிவிட்டாராம்.

நான் யாரென்று சொன்னதும் அவளுடைய முகம் மலர்ந்தது. “டொக்டரம்மாட மகளா? உம்மா சாகுமட்டும் உங்கட அம்மாவைச் சொல்லுவா. கேம்பில இருக்கக்குள்ள புள்ளையளுக்குக் கதை சொல்றதெண்டா இந்தக் கதைதான். செத்துப் போற ஆட்டை உங்கட அம்மா கையை விட்டுக் காப்பாத்தினது. நீங்க தலையைப் பிடிச்சுக்கிட்டு நிண்டதாம்.”

அகதி முகாமில், எங்கள் ஊரார் ஒருவரும் இல்லாத இடத்தில், மாமியோ அப்பாவோ கேட்கமுடியாத இடத்தில். அங்கேயும் ராத்தா அப்படியே சொல்லியிருக்கிறார்.

“அது அம்மாவின்ர கை இல்லை,” என்றேன். “நான்தான் கையை விட்டனான். அம்மா எனக்காக மாத்திச் சொன்னவா. உங்கட உம்மாவும் எங்களுக்காகத்தான் அப்பிடிச் சொன்னவா.”

அவள் என்னைப் பரிவோடு பார்த்தாள். வயதானவர்களைப் பார்க்கிற பார்வை.

“உங்களுக்கு அப்ப சின்ன வயசு. நாள் போனா அப்பிடித்தான் நினைப்பு வரும். உம்மா பக்கத்தில நிண்டு கண்டவ,” என்றாள். “எங்கட உம்மா ஒரு நாளும் பொய் சொல்ற ஆள் இல்லை. அவவால எங்களுக்கு மிஞ்சினது, பொய் சொல்லாதவ எண்ட அந்தப் பெயர்தான்.”

“ஓம்,” என்றேன். “அவா பொய் சொல்லமாட்டா.”

நடந்தது இப்போது உங்களுக்குத் தெரியும். உங்களில் யாராவது அந்தப் பக்கம் போனால், அவளைக் கண்டால், கதை வந்தால், கையை விட்டது என் அம்மா என்றே சொல்லுங்கள்.